சீசன் செடியா, நிரந்தரச் செடியா? கடலூர், புதுச்சேரிப் பக்கத் தோட்டத்துக்கு எது?

பூச்செடிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முக்கால் பங்கை வருஷக்கணக்கில் நிற்கிற செடிகளுக்குப் போடுங்கள். மிச்சத்துக்கு விதை வாங்குங்கள். தை மாதம் நர்சரி வாசலில் பூத்துக் குலுங்கி நிற்கிற சீசன் செடிகளுக்கு மட்டும் பையைத் திறக்காதீர்கள். என் கட்சி இதுதான். எல்லோருக்கும் இது பொருந்தாது, யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன், ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு கட்டி முன்னால் பத்தடியோ இருபதடியோ மண் கிடைத்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சீசன் செடி என்பது விதைத்து, வளர்ந்து, பூத்து, விதை பிடித்து, மூன்று நாலு மாதத்தில் கதையை முடித்துக்கொள்கிற ரகம். செண்டுமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, காஸ்மாஸ், சூரியகாந்தி, பெட்டூனியா எல்லாம் இதில் வரும். நிரந்தரச் செடி என்றால் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப் பூ, குண்டுமல்லி, முல்லை, அரளி, காகிதப்பூ, கனகாம்பரம், டிசம்பர் பூ, பவழமல்லி. பாடப்புத்தகப் பிரிவு இவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் நம்ம ஊர்த் தட்பவெப்பத்தில் இந்தப் பிரிவு பாதி நேரம் செல்லுபடியாவதில்லை.

வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களில் பல்லாண்டுச் செடி என்று சொன்னால், பனிக்காலத்தைத் தாங்கி அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் என்று அர்த்தம். இங்கே பனி ஏது? இங்கே செடியைக் கொல்வது இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வேர் மூழ்குகிற அளவுக்குக் கொட்டும் மழை ஒன்று, மே மாத அக்னி வெயில் இன்னொன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. வருஷம் முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய 130 செ.மீ. பெய்கிற ஊர் இது. அப்படி ஒரு நாளில் எந்தச் செடியின் வேர் தாங்கும், அப்புறம் ஆறு மாதம் கழித்துத் தார் உருகுகிற வெயிலிலும் எது நிற்கும், அதுதான் கேள்வி. இந்த இரண்டையும் தாண்டினால்தான் அது நமக்கு நிரந்தரச் செடி.

இந்தக் கணக்கில் பார்த்தால் கட்சி மாறுகிறவை நிறைய. ஜெரேனியம், ஹைட்ராஞ்சியா, லாவெண்டர், டேலியா, ஜெர்பெரா இவையெல்லாம் பட்டியலில் பல்லாண்டு வகைதான், ஆனால் கடற்கரை ஓரத்தில் பெரும்பாலும் ஒரு சீசன் வாழ்ந்துவிட்டுப் போகும். பெங்களூருவில் அத்தை வீட்டில் நாலு வருஷமாகப் பூக்கிறதே என்று எடுத்து வருகிறவர்கள் பெங்களூரு மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம், நித்தியகல்யாணியைக் குளிர் நாடுகளில் ஒரு பருவச் செடியாகத்தான் விற்கிறார்கள். நம்ம ஊரில் அது மதில் சுவர் விரிசலிலும் கடற்கரை மணலிலும் தானாக முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூக்கிறது. தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால்தான் அதற்குச் சாவு. வின்கா என்ற பெயரில் நர்சரியில் கலர் கலராக விற்கும் கலப்பின நித்தியகல்யாணி அவ்வளவு கெட்டியில்லை, மழைக்கு அழுகும். ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் தெருவில் முளைக்கிற நாட்டு ரகம் போதும்.

சரி, சீசன் செடி வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே இரண்டு ஜன்னல்தான் திறக்கிறது. ஒன்று ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கும் காய்கறிக்கும் மட்டும் சொன்னதில்லை. ஆடி முதல் வாரம் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா விதைத்தால் நவராத்திரிக்குப் பூ கைக்கு வரும், ஆயுத பூஜைக்கு மார்க்கெட்டில் விலை ஏறி நிற்கிற நேரத்தில் வீட்டுச் செடியில் பறித்துக்கொள்ளலாம். அப்புறம் ஐப்பசி மழை வந்து அடித்துக்கொண்டு போனாலும் வருத்தமில்லை, அதன் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது ஜன்னல் கார்த்திகைப் பாதியில் தொடங்குகிறது. மழை படாத இடத்தில் தட்டில் விதைத்து, மார்கழியில் மழை ஓய்ந்ததும் நாற்றை எடுத்து நட வேண்டும். ஜினியா பொங்கலை ஒட்டியும் செண்டுமல்லி தை கடைசியிலும் பூக்கத் தொடங்கும். பங்குனி வரைக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். புதுச்சேரி வேளாண் துறையின் மலர்க் கண்காட்சியும் இந்தப் பருவத்தில்தான் வரும், அங்கே போய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் பிப்ரவரியில் பூத்த செடி வாங்கி வருவார்கள். அந்தச் செடிக்கு மிஞ்சியிருப்பது ஒன்றரை மாத ஆயுள்.

பூத்து நிற்கிற சீசன் நாற்று வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். அதன் வாழ்க்கையில் பாதியைச் சின்ன பாலித்தீன் பைக்குள்ளேயே முடித்துவிட்டு வருகிறது. வேர் பையைச் சுற்றி வளைந்திருக்கும், மண்ணில் வைத்ததும் இருக்கிற பூ வாடும், மறுபடி மொட்டு விடுவதற்குள் வெயில் வந்துவிடும். விதையில் இந்தத் தொல்லை இல்லை. ஜினியா ஒரு வாரத்துக்குள் முளைக்கும், ஐம்பது அறுபது நாளில் பூக்கும். செண்டுமல்லி நட்டு மூன்று நாலு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்துப் பூ இரட்டிப்பாகும். ஒரு செண்டுமல்லிப் பூவைக் காயவைத்து உதிர்த்தாலே ஒரு பாத்திக்கான விதை கிடைக்கும், கோயில் மாலையிலிருந்து விதை எடுத்தே தோட்டம் போட்டவர்கள் உண்டு. மாலைப் பூ வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை கொஞ்சம் முன்னே பின்னே வரும், நிறம் மாறும், அளவு சிறுக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

இனி தண்ணீர். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் இந்தப் பக்கம் தேர்வைத் தீர்மானிப்பதே இதுதான். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை, வீராம்பட்டினம், அரியாங்குப்பம் என்று கடலை ஒட்டி வீடு இருந்தால் போர் தண்ணீரில் உப்பு இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதா, இலை ஓரம் கருகுகிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் இருக்கிற இடத்தில் ரோஜாவுக்கு ஆசைப்படுவது வீண் வேலை. அங்கே அரளி, காகிதப்பூ, ஈழத்தலரி, நித்தியகல்யாணி, பத்து மணிப் பூ. இந்த ஐந்தும் கடற்கரைக்கென்றே படைத்தது போல நிற்கும். இதில் நாலு நிரந்தரச் செடி என்பதைக் கவனியுங்கள். சீசன் செடிகளில் உப்பைத் தாங்குகிறவை குறைவு, அதிலும் நாற்றுப் பருவத்தில் இன்னும் குறைவு. விதை முளைக்கிற வரைக்குமாவது மழைத் தண்ணீரோ ஏசி சொட்டும் தண்ணீரோ பிடித்து ஊற்றினால் பிழைக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அது போர் தண்ணீரை விட உப்பு.

அரளியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இலை, பூ, தண்டு, பால் எல்லாமே நச்சு. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நல்லது, எதையும் வாயில் வைக்கிற வயசில் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கெட்டது. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளிக்கும் இதேதான்.

கடலிலிருந்து தள்ளி, லாஸ்பேட்டை, வில்லியனூர், திருக்கனூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் வீடு என்றால் பல இடங்களில் செம்மண், தண்ணீரும் பரவாயில்லை, தேர்வு விரிகிறது. பாகூர் போல வண்டல், களிமண் உள்ள இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் வடியாது, அங்கே குண்டுமல்லியைத் தரையில் வைப்பதற்கு முன்னால் ஒரு அடிக்காவது மேடு கட்டுங்கள். தண்ணீர் தேங்கத்தான் செய்யும் என்கிற மூலைக்குக் கல்வாழை. அதற்கு ஈரம் பகையில்லை, பூவும் பெரிசு, கிழங்கு தானாகவே பெருகும், பக்கத்து வீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கினாலே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

புது வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கொத்தனார் போன பிறகு கிடக்கிற மண் உண்மையில் பாதி சிமெண்டும் சுண்ணாம்பும் ஜல்லியும்தான். அதில் இட்லிப் பூவும் மல்லிகையும் வைத்தால் நாலு மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக வெளுக்கும். உரம் போதவில்லை என்று யூரியா கொட்டுவார்கள். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை, அதுதான் வெளுப்புக்குக் காரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் தேறும். நிலையான வைத்தியம் வேண்டுமானால் ஒன்றரை அடி ஆழம், அதே அகலம் தோண்டி, அந்த மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண், மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு நிரப்பிச் செடி வைக்க வேண்டும். நிரந்தரச் செடிக்கு இந்தச் செலவு ஒரு தடவைதான். சீசன் செடிக்குப் பாத்தி முழுவதையும், வருஷத்துக்கு இரண்டு தடவை கொத்திப் புரட்டி எருப் போட வேண்டும். இடுப்பு ஒத்துழைக்கிற வயசா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பூ எதற்கு என்பதை வைத்துப் பார்த்தால் தேர்வு இன்னும் சுலபம். சாமிக்கு என்றால் தினமும் காலையில் நாலு பூ வேண்டும், ஒரு மாதம் கூடைகூடையாகக் கொட்டிவிட்டு மறைகிற செடி இதற்கு ஆகாது. நாட்டுச் செம்பருத்தி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, இரண்டும் வருஷம் முழுக்க ஏமாற்றாது. செம்பருத்தியில் சிவப்பு ஒற்றை அடுக்கு ரகத்தை வாங்குங்கள். மஞ்சளில் சிவப்புக் கண் வைத்த, தட்டு அகலத்துக்குப் பூக்கிற கலப்பின ரகங்கள் பார்க்க அழகுதான், ஆனால் மாவுப்பூச்சி முதலில் போய் உட்காருவது அவற்றில், மழைக்காலத்தில் சீக்கிரம் நலிவதும் அவைதான். மாவுப்பூச்சிக்கு ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். வெள்ளை அப்பிக் கிளை சுருண்டபிறகு மருந்து தேடுவதை விட அந்தக் கிளையை வெட்டி எரிப்பது மேல். நந்தியாவட்டைக்கு அரை நிழலும் போதும், வடக்குப் பார்த்த வாசல்காரர்களுக்கு அது வரம்.

தலையில் வைக்க என்றால் போட்டி குண்டுமல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் டிசம்பர் பூவுக்கும்தான். குண்டுமல்லியைக் கார்த்திகைக் கடைசியில், மழை விட்ட நாளாகப் பார்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டிக் கவாத்து செய்தால் பங்குனியில் மொட்டு விடத் தொடங்கிக் கோடை முழுக்கப் பூக்கும். கவாத்துக்கு மனசு வராமல் அப்படியே விட்டவர்கள் வீட்டில் கொடி மட்டும் ஓடும், பூ இருக்காது. ஒரு செடி போதாது, நாலு முழம் பூ கட்ட வேண்டுமானால் நாலைந்து செடியாவது வேண்டும், இரண்டாவது வருஷத்துக்கு மேல்தான் நிறையக் கிடைக்கும். கனகாம்பரம் அப்படியில்லை, வைத்து மூன்று மாதத்தில் பூ வந்துவிடும், நிழல் கொஞ்சம் இருந்தாலும் பூக்கும். அதன் எதிரி நூற்புழு, வேரில் முடிச்சு முடிச்சாக வந்து செடி குன்றிப்போகும். இதற்குத்தான் கனகாம்பரப் பாத்தியைச் சுற்றிச் செண்டுமல்லி போடச் சொல்வது, அதன் வேர் நூற்புழுவை அடக்கும். சீசன் செடியும் நிரந்தரச் செடியும் போட்டி போடாமல் ஒன்றுக்கொன்று உதவுகிற இடம் இது. டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும், ஆரஞ்சு நிறம் அடர்த்தியாக இருக்கும். டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது, மார்கழிக் கோலத்தில் வைக்கவும் பின்னலில் செருகவும் ஊதா நிறத்தில் அதற்கு ஈடு இல்லை, மற்ற பத்து மாதம் அது ஒரு பச்சைப் புதர்.

சாமந்தியை எந்தப் பக்கம் சேர்ப்பது? இயல்பில் அது பல்லாண்டுச் செடி, நாம் வாங்குவது சீசன் செடியாக. பூத்து முடித்ததும் வெட்டிவிட்டால் அடியில் பக்கக் கன்று விடும், அதைப் பிரித்து நட்டு வெயில் காலத்தில் அரை நிழலில் காப்பாற்றினால் அடுத்த வருஷமும் பூக்கும். ஆனால் சாமந்தி பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். இரவில் தெருவிளக்கோ போர்டிகோ விளக்கோ அதன் மேல் விழுந்துகொண்டிருந்தால் பகல் இன்னும் நீளமாக இருக்கிறது என்று எண்ணி இலையாகவே தள்ளிக்கொண்டு போகும். ஒயிட் டவுன் போல இரவெல்லாம் வெளிச்சம் இருக்கிற தெருவில் சாமந்தி பூக்கவில்லை என்று உரத்தைக் குறை சொல்லாதீர்கள், தொட்டியை வீட்டுக்குப் பின்னால் இருட்டில் வையுங்கள். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் கோபேர் மார்க்கெட்டில் கால் கிலோ பூ வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெறும் பார்வைக்கு என்றால் பெட்டூனியாவுக்கும் காகிதப்பூவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பெட்டூனியா தொங்குதொட்டியில் மார்கழி, தை, மாசி மூன்று மாதம் கொள்ளை அழகு, பங்குனி வெயில் பட்டதும் தண்டு நீண்டு, பிசுபிசுத்து, வறண்டு போகும். காகிதப்பூ ஒரு செடி நாலைந்து பெட்டூனியா விலை இருக்கலாம், முதல் வருஷம் முள்ளும் இலையுமாகச் சும்மா நிற்கும், அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் மாசியிலிருந்து மதிலை மூடிப் பூக்கும். புதுச்சேரிக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வது மஞ்சள் மதில் மேல் சரிந்து நிற்கிற இந்தச் செடியைத்தான். உண்மையில் நிறம் காட்டுவது பூ இல்லை, பூவைச் சுற்றியுள்ள இலைகள். பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கிய, பிரேசிலில் கண்டெடுத்த செடி, வந்து சேர வேண்டிய ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அது பூக்க இரண்டே நிபந்தனை, நல்ல வெயில், குறைந்த தண்ணீர். தினமும் ஊற்றினால் இலை, வாட விட்டு ஊற்றினால் பூ. வெளியூர் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான செடி கிடையாது. புயல் காலத்தில் மட்டும் மதிலுக்கு மேல் நீண்ட கொம்புகளைப் புரட்டாசியிலேயே வெட்டிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களையே சாய்த்த காற்று, நெட்டையாக விட்ட எந்தச் செடியும் அப்படிப்பட்ட காற்றுக்குப் பாய்மரம்தான்.

ரோஜாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓசூர்ப் பக்கத்து உயரக்காம்பு ரோஜா இங்கே பிடிவாதம் பிடிக்கும். நல்ல தண்ணீர் இருக்கிறவர்கள் பன்னீர் ரோஜாவோ எட்வர்ட் ரோஜாவோ வையுங்கள், பூ சின்னது, வாசனை பெரிசு.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிற செடி ஒன்று உண்டு, யாராவது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் அதைச் சொல்வேன்: சங்குப்பூ. விதையை ராத்திரி ஊறவைத்து நட்டால் இரண்டு மாதத்தில் நீலமாகப் பூக்கும், அந்த வேகத்தில் அது சீசன் செடி. கம்பி வலையோ கயிறோ கட்டிக் கொடுத்தால் வருஷக்கணக்கில் நிற்கும், அந்த விதத்தில் நிரந்தரச் செடி. பயறு வகைக் குடும்பம் என்பதால் வேரில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அடுக்குப் பூ ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கோடைக்கு எதுவும் நிற்காது என்பதும் தப்பு. பத்து மணிப் பூவும் வாடாமல்லியும் ஆரஞ்சுக் காஸ்மாஸும் அக்னி நட்சத்திரத்திலும் பூக்கும். மாசியில் விதைத்துவிடுங்கள், பத்து மணிப் பூவுக்கு விதையும் வேண்டாம், ஒரு கொத்தைக் கிள்ளிச் செருகினால் வேர் விடும். ஆரஞ்சுக் காஸ்மாஸ் ஒரு தடவை போட்டால் விதை உதிர்ந்து தானாகவே முளைத்துக்கொண்டிருக்கும், காசித்தும்பையும் அப்படித்தான், அதன் காய் விரல் பட்டதும் வெடித்து எங்கெங்கோ சிதறும். இவை சீசன் செடி என்று பெயர்தான், பாத்தியை விட்டுப் போகவே போகாது.

முதல் வருஷத் திட்டம் என்று கேட்டால், பங்குனி, சித்திரையில் நிரந்தரச் செடி நடாதீர்கள், ஆடியில் நடுங்கள், மழைக்கு முன்னால் வேர் பிடித்துக்கொள்ளும். செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவில் நாலடி விடுங்கள். அந்த நாலடி வெறுமையாகத் தெரியும், கை அரிக்கும், இன்னொரு செடி வைக்கத் தோன்றும். அங்கேதான் செண்டுமல்லியும் ஜினியாவும். இரண்டு வருஷத்தில் புதர்கள் அகன்று இடத்தை நிரப்பிக்கொள்ளும், சீசன் செடிக்கு முன் ஓரத்தில் ஒரு அடி அகலப் பட்டை மிஞ்சும், அது போதும்.

என் கணக்கு பொருந்தாதவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு வீட்டுக்காரருக்குப் பவழமல்லி வளர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு க்ரோ பேக்கில் சீசன் பூ, கூடவே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு தொட்டி அடினியம், அதாவது பாலைவன ரோஜா. மொட்டை மாடிக்காரர்களுக்கும் இதேதான், அடினியம் வெயிலை விரும்பும், உப்பையும் ஓரளவு பொறுக்கும், மழை மட்டும் ஆகாது. ஐப்பசி பிறந்ததும் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பருத்த அடித்தண்டு அழுகித் தொட்டால் கொழகொழவென்று வரும்.